முன்னாடி சார்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ‘முன்னாடி சார்’ என்று பெயர். புள்ளிவிவரத் துறையில் வேலை. யார் எதனால் செத்தார்கள் என்று வகை பிரித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதி டாக்டர்கள் இறப்புச் சான்றிதழில் “இதயம் நின்றுவிட்டது” என்று எழுதிக் கைகழுவிவிடுவார்கள். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே போனை எடுப்பார்.

“சாகும்போது யாருக்குத்தான் நிக்காது டாக்டர்? அதுக்கு முன்னாடி என்ன?”

சிறுநீரகம் பழுது என்பார் டாக்டர்.

“அதுக்கு முன்னாடி?”

சர்க்கரை வியாதி. அப்போதுதான் விடுவார். எல்லாவற்றையும் எது தொடங்கி வைத்ததோ அதைத்தான் கணக்கில் எழுத வேண்டுமாம்.

ஊருக்கு இப்படி. வீட்டிலோ, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். “பாக்கலாம்” என்பார். துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்தது. ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது மாமியார் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. படுத்த படுக்கையில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தார்.

நாத்தனார் வந்து இறங்கியதிலிருந்து ஒரே பாட்டு. “தரைய ஈரமில்லாம வச்சுக்கத் தெரியாதா அண்ணி? அம்மா போனதுக்கு நீங்கதான் காரணம்.” இவர் வாயைத் திறக்க வேண்டுமே? ஊஹூம்.

மாமியாரின் இறப்புச் சான்றிதழ் சுற்றிச் சுற்றி இவர் மேசைக்கே வந்தது. நிமோனியா என்று மட்டும் இருந்ததாம். இவர் விடுவாரா? சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “டாக்டர்கிட்ட பேசிட்டேன். வழுக்கி விழுந்ததுதான் காரணம்னு திருத்திக் குடுத்துட்டாரு” என்றார்.

“பாத்தீங்களா அண்ணி, கவர்ன்மென்ட் கணக்குலயே ஏறிடுச்சு” என்றாள் நாத்தனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தேன். “டாக்டருங்க உயிரயெல்லாம் எடுக்கறீங்களே, இங்கயும் கேளுங்க. அதுக்கு முன்னாடி?”

“விழுந்ததோட எங்க கணக்கு முடிஞ்சுது. அதுக்கு மேல நாங்க கேக்கறதில்ல.”

“நான் கேக்கறேன்.”

குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்: “குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. இவ தினமும் சொன்னா. பாக்கலாம், பாக்கலாம்னு தட்டிக்கழிச்சது நான்தான்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். கேட்டதும் நிம்மதியா வந்தது? அழுகைதான் வந்தது.

அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

“குழாய் ரிப்பேர் பண்றவரப் பாக்க.”

“அத்தை இருக்கறப்பவே போயிருக்கணும்” என்றேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.