பானைக்குள் பாதிப் பாட்டு

விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில், ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துத் தள்ளிய எங்கள் ஒற்றை அறை வீட்டில் இதே புகைதான் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி அப்பா டேப்பில் பாட்டைப் போடுவார். மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருக்கும் அம்மா மெல்லத் தலையாட்டத் தொடங்குவாள். முதல் சரணம் முடிவதற்குள், "இரு, பேஸ் பத்தல" என்று அப்பா ஒயரைப் பிடுங்கி, பெரிய பானைக்கு மாற்றி, அதுவும் போதாமல் உள்ளே மணலைக் கொட்டி, மறுபடி பற்றவைத்து, பாட்டை முதலிலிருந்து போடுவார், மறுபடி அதே இடத்தில் நிறுத்துவார்.

"எப்பப் பாரு நோண்டிக்கினே இருக்குற, பேஜாரா இருக்குது. ஒரு பாட்ட முழுசா கேக்க வுடுய்யா!" என்பாள் அம்மா.

அப்பா இறந்து வருஷங்களாகிவிட்டன. இன்று அந்தக் கடையில் சரிசெய்து வாங்கிவந்த போனில் அதே பாட்டை அம்மாவுக்குப் போட்டேன். முதல் சரணம்வரை கூடவே முணுமுணுத்தவள், இரண்டாவது சரணம் வந்ததும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி, வேற பாட்டு வந்துடுச்சி?"