கத்தரி மாமாவும் அக்காவின் மூச்சும்

என் அக்கா புருஷனுக்கு ஸ்டுடியோவில் 'கத்தரி' என்று பெயர். ஒலிப்பதிவு அவர் வேலை. பாடுகிறவர் இழுக்கும் மூச்சை வெட்டுவார், இம்மியளவு தாழ்ந்த சுருதியைத் தூக்கி நிறுத்துவார், தாளத்துக்கு முந்திக்கொண்ட சொல்லைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாள் முழுக்க இதே வேலை. அக்காவிடம் முதன்முதலில் வாய் திறந்தபோதே, "மேல போகும்போது கொஞ்சம் இறங்குது, மத்தபடி பிரமாதம்" என்றவர். இந்த மனுஷரைப் போய்க் கட்டிக்கொண்டாளே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அக்கா டிராக் பாடுகிறவள். பெரிய பாடகர் வருவதற்கு முன் பாட்டைப் பாடிவைப்பாள். அவர் அதைக் கேட்டுப் பாடிவிட்டுப் போனதும் இவள் குரலை எடுத்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் குரலில் ஒரு பாட்டுகூட வெளியே வந்ததில்லை.

போன மாதம் ஒரு தாலாட்டு. அக்கா பாடியதைக் கேட்ட இசையமைப்பாளர், "சுத்தம் பண்ணிக் குடுங்க. சரியா வந்தா இந்தக் குரலையே வச்சுக்கலாம்" என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றினார்.

இசையமைப்பாளர் திரும்பவும் கேட்டார். "தப்பே இல்ல. ஆனா உப்புச் சப்பும் இல்ல. நாளைக்கு வேற ஆளை வரச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "என் மூச்சையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"அழிச்சிட்டேன்மா."

"முதல்ல பாடினது?"

"இதுதான் நல்லா வந்துடுச்சேன்னு... அதையும்."

"ஏங்க, நான் உசுரோட இருக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

மறுநாள் அந்த வேறு ஆள் வருவதற்குள் அக்கா மாமாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் பாடுகிற அறைக் கண்ணாடிக்கு உள்ளே, மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "இங்கயே நில்லுங்க. மிஷின் மேல கை பட்டுது, அவ்வளவுதான்." வெளியே மிஷினுக்குக் காவல் நான். தபேலா வாசிக்கிற எனக்கு அதில் தெரிந்தது சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். அமுக்கினேன்.

பாடினாள். ஒரு சொல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியது. மாமாவின் புருவம் தன்னால் மேலே ஏறியது. அதைப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அதை அடக்கிக்கொண்டே அடுத்த வரியைப் பாடினாள். தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைக் கொஞ்சுகிற குரல் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம்.

இசையமைப்பாளர் வந்து பதிவைக் கேட்டார். போனை எடுத்து, வரவேண்டிய ஆளை வரவேண்டாம் என்று சொன்னார்.

"இதுதாங்க பாட்டு" என்றார் மாமாவிடம். "பல்லவி முடியற இடத்துல மட்டும் ஒரு பெரிய மூச்சு கேக்குது. அதை வெட்டிடுங்க."

மாமா தலையைச் சொறிந்தார். "அது அவ மூச்சு இல்ல சார். என்னுது. பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேனா, என்னையறியாம வந்துடுச்சு."

"சரி, வெட்டிடலாமா?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார் கத்தரி.