கிண்ணத்தில் மட்டும் நீர்த்துப்போகிற கஞ்சி

போன செவ்வாய்க்கிழமையும் மகளின் கேழ்வரகுக் கஞ்சியைக் கொல்லையில் கொட்டினேன்.

கெட்டியாகத்தான் காய்ச்சுகிறேன். நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜன்னல் வழியே ஜீப்பைக் காட்டி, கெஞ்சி, மறுபடி கிண்ணத்தைப் பார்த்தால்... தண்ணீராகக் கிடக்கும்! மாவு கெட்டுவிட்டதா? மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா? கெட்டதை எப்படி ஊட்டுவது?

ஆனால் போடி டாக்டரோ, “எடை ஏறவே இல்லையேம்மா” என்கிறார்.

யாரிடம் கேட்பது? போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக் குவார்ட்டர்ஸ். கணவர் காலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனால் இருட்டித்தான் வருவார். தோட்டத்தில் காய் எடுக்கும் பக்கத்து வீட்டு சரசுவிடம் கேட்கலாம். படித்தவளுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியவில்லையா என்று நினைத்துவிட்டால்?

அன்று மழை, காய் எடுப்பு இல்லை. வேலிக்கு அப்பால் சரசு நின்றிருந்தாள்.

“ஏக்கா, பிள்ளைக்குக் காய்ச்சுறீகளா, மண்ணுக்குக் காய்ச்சுறீகளா?”

“நீத்துப்போகுது சரசு. பயமா இருக்கு.”

“கண்ணு பட்டிருக்கும். வெரசா சுத்திப் போடுங்க.”

கெமிஸ்ட்ரி படித்த நான் மிளகாய் எடுக்க உள்ளே போனேன் — ஆமாம், போனேன்! அடுப்பு மேல் சட்டியைப் பார்த்தேன். அதே கஞ்சி, அங்கே கெட்டியாகவே இருந்தது. கண் பட்டால் சட்டியை மட்டும் விட்டுவைக்குமா? கிண்ணத்தில் இருப்பது, சட்டியில் இல்லாதது என்ன? குழந்தை வாய்க்குப் போய்வந்த ஸ்பூன்!

சரசுவைக் கூப்பிட்டேன். இரண்டு கிண்ணம் கஞ்சி. ஒன்றில் மகள் சப்பிய ஸ்பூனை விட்டுக் கலக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இளகியது. மற்றது அசையவில்லை.

“எச்சியில என்சைம்னு ஒண்ணு இருக்கு சரசு. மாவுச்சத்து தானா உடையணும்னா, லோடு ஜீப் மாதிரி முதல்ல ஒரு மேடு ஏறணும். ஆக்டிவேஷன் எனர்ஜிம்பாங்க. என்சைம் ஜீப்பைத் தள்ளிவிடாது. மேட்டையே தணிச்சிடும். லோடு எப்பவும் போற ஊருக்குத்தான் போகும், வெரசா போகும். லோடு போனப்புறமும் என்சைம் அப்படியே இருக்கும், அடுத்த லோடுக்கு.”

“அப்ப வயித்துக்குள்ள பாக்க வேண்டிய சோலிய உங்க மக கிண்ணத்துலயே முடிச்சிட்டாளா? கெட்டிக்காரி!”

சிரித்தோம். இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

கெட்டுப்போகவில்லை, சத்தும் எங்கும் போகவில்லை. அந்த நீர்த்த கஞ்சியையே ஊட்டினேன். மடமடவென்று குடித்தாள். கெட்டியாக இருந்ததுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை போலும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அவள் சப்பிய ஸ்பூனாலேயே கலக்கி, உடனே கொடுத்துவிடுகிறேன். அப்படியே வைத்திருந்தால் நிஜமாகவே கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு.

மறுநாள் மழை விட்டது. சரசு காய் எடுக்கப் போய்விட்டாள்.

கஞ்சி நொடியில் கரைந்துவிடுகிறது. தனியாக இருக்கும் மத்தியானம்தான் கரையமாட்டேன் என்கிறது.