ஓரத்து வாத்து என்ன சொல்கிறது?

"அந்த ஓரத்துல நிக்கிற வாத்து என்ன சொல்லுது?" என்று கழுதைப் பந்தயக் கார்ட்டூன் படம் பார்க்கும்போதெல்லாம் என் தங்கை கேட்பாள். கழுதைகளின் ஓட்டப்பந்தயத்தை மற்ற வாத்தெல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்க்கும். அது ஒன்று மட்டும் சத்தமே இல்லாமல் பேசும். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அதை வரைந்தவர் எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார் என்பதும் தெரியாது.

கார்ட்டூன் ஸ்டுடியோவில் அவருக்கு வாயக்கா என்று பெயர். வாயாடி என்பதால் அல்ல. பல வருடங்களாக வாய் மட்டுமே வரைந்தவர்.

ஒரு காலத்தில் முயல் கண் சிமிட்டினால்கூட முயல், மரம், வேலி எல்லாவற்றையும் புதுத் தாளில் திரும்ப வரைய வேண்டும். வரைகிறவருக்குப் பிராணன் போய்விடும். பிறகு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள் வந்தது. வேலியை ஒருமுறை வரைந்து, முயலைத் தனித் தாளில் வரைந்து மேலே வைத்துப் படம் பிடித்தார்கள். சோம்பல் இன்னும் முற்றியதும் முயலையும் அசையாமல் நிறுத்திவிட்டு, வாயை மட்டும் மாற்றினார்கள். அந்தச் சோம்பலின் புண்ணியத்தில்தான் அக்காவுக்கு வேலை கிடைத்தது.

அவர் மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். வசனத்தைச் சொல்லிச் சொல்லி, தன் வாய் போகிற போக்கைப் பார்த்து வரைவார். சிங்கம் கர்ஜிக்கிற நாளில், பக்கத்து மேசையில் கால்கள் மட்டும் வரைகிற கால் அண்ணன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

தலை முதல் கால் வரை ஒரே ஒரு உருவமாவது தானே வரைய வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கேட்டுக் கேட்டு இயக்குநருக்குக் காது புளித்துப்போய், கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வாத்தைக் கொடுத்தார். சும்மா நிற்கிற வாத்து. வசனம் கிடையாது.

வாத்தின் காலை மட்டுமாவது தான் போட்டுத் தருவதாகக் கால் அண்ணன் சொன்னதற்கு அக்கா முறைத்தார். வால், இறக்கை, நகம் எல்லாம் அவரே போட்டார். ஆனால் கண்ணாடி முன்னால் வாய் அசையாமல் அவருக்குக் கை ஓடாது. வீட்டு ஞாபகத்தில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார். முணுமுணுத்ததெல்லாம் வாத்தின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

படம் தயாரானதும் ஊழியர்களுக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டினார்கள். பந்தயத்தில் கழுதை ஜெயித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஓரத்து வாத்தின் மேல்தான். இயக்குநர் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"அது என்னம்மா பேசுது?"

அக்காவுக்கே தெரியவில்லை. முணுமுணுத்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"வரைஞ்ச உனக்கே தெரியலன்னா, பாக்குறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் இயக்குநர். மேலே ஒரு புதரை வரைந்து வைத்து மறைத்துவிடலாம் என்று முடிவும் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முழுசாக வரைந்தது ஒன்று. அதுவும் புதருக்குப் பின்னால். இன்னும் ஒரே ஒரு முறை ஓட்டச் சொல்லிக் கெஞ்சினார். ஓட்டினார்கள். வாத்து கழுத்தை வெட்டித் திருப்பியது, ஒரு கண்ணைச் சுருக்கியது, அலகைத் திறந்தது.

கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கண் விழித்தார். திரையைப் பார்த்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஐயையோ, நிறுத்தலையே."

"எதைங்க?" என்றார் அக்கா.

அவர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. வாத்துக்குத்தான் பதில் சொன்னார். "மோட்டாரத்தான். தொட்டி ரொம்பி மாடிப்படியெல்லாம் தண்ணி ஓடுமே. இதோ, இதோ போறேன்."

சொன்னவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். கால் அண்ணனும் துள்ளி எழுந்தார். தன் வீட்டு மோட்டாரை நினைத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடினார்.

இயக்குநர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தமே இல்லாம ரெண்டு ஆம்பளைங்கள எழுப்பி ஓட விட்டிருக்கு. புதரெல்லாம் வேணாம், அது நிக்கட்டும்மா."

வாத்து நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. அது தங்களைத்தான் திட்டுகிறது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அப்படி யாரையாவது பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.