அப்பாசாமி மஞ்சள் போட்ட மீன்

அப்பாசாமி பெரிய சமையல்காரன் ஒன்றுமில்லை. ரசத்தில் உப்புக் குறைகிறது என்றால், "அப்ப குழம்பை ஊத்திக்கங்க" என்பான். அவ்வளவுதான் அவன் கைப்பக்குவம்.

பதினெட்டு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூன் வந்தவன். ஆறு வருஷம் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினான். லான்மடாப் பேட்டையில் ஒரே அறையில் பதினாறு பேர். முறை வைத்துத்தான் படுப்பார்கள். ஊரில் தாலி கட்டி விட்டுவந்த சொர்ணம்மாளை எங்கே கூட்டிவந்து வைப்பான்? "அவ மூஞ்சியே மறந்துபோச்சு நல்லையாண்ணே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். துணி வெளுக்கிறவனிடம் எல்லாரும் எதையாவது சொல்வார்கள். நான் கேட்டுக்கொள்வேன்.

1923இல் பசுந்தாங் ஓடைப்பக்கம் ஒரு பங்களாவில் குசினியில் சமைக்க ஆள் வேண்டுமென்றார்கள். அந்த வீட்டுத் துணி எனக்கு. இவனைக் கொண்டுபோய் விட்டேன். வேலையைவிடப் பெரிய விஷயம், கொல்லையில் ஓர் அறை கொடுத்தார்கள். அடுத்த கப்பலிலேயே சொர்ணம்மாள் வந்து இறங்கினாள்.

துரை நார்வே தேசத்து ஆள். முன்னே கப்பல் கப்டன், இப்போது மரம் ஏற்றும் கம்பெனியில். நாகப்பட்டினம் கப்பலில் நெடுநாள் இருந்ததால் தமிழ் வரும். மரியாதை வராது. சொர்ணம்மாள் வந்த இரண்டாம் வாரம் நெத்திலிக் கருவாடு வறுத்தாள். துரை மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தரம் இந்த நாத்தம் வந்தா ரெண்டு பேரும் வெளியே!"

அதோடு கருவாடு நின்றது.

அந்த வருஷமே டிசம்பர் தொடக்கத்தில் அவர் தேசத்துக் கப்பல் ஒன்று வந்தது. துரை ஒரு சாக்கைத் தூக்கிவந்து குசினியில் போட்டார். உள்ளே விறகுக்கட்டை போலக் காய்ந்த மீன். தட்டினால் டக்டக் என்றது. துரை பக்குவம் சொன்னார். ஒரு வாரம் தண்ணீரில் ஊற வை. இரண்டு நாள் சோடாக்காரத்தில் போடு. பிறகு காரம் போகும்வரை நல்ல தண்ணீர் மாற்றிக்கொண்டே இரு. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் சாயங்காலம் அவித்து மேசைக்குக் கொண்டுவா. அவர் அம்மா இப்படித்தான் செய்வாளாம். போன வருஷம் இதைக் கெடுத்த பழைய சமையல்காரனை மேசையிலிருந்து எழுந்துபோய்க் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அது பங்களா முழுக்கத் தெரிந்த கதை.

"துணிக்குப் போடுற காரத்தை மீனுக்கா?" என்று அப்பாசாமி என்னிடம் வந்தான். நான் சோடாவும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிவிறுத்துக் கொடுத்தேன். படுக்கை விரிப்புக்குக் கலக்கிற அளவில் காரத்தைக் கூட்டிக் கலந்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மீன் உப்பிக் கொழகொழவென்று ஆனது. தொட்டியிலிருந்து ஒரு வாடை கிளம்பி தோட்டம்வரை போயிற்று. துரைசாணி இங்கிலீஷ்காரி. அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.

சொர்ணம்மாள் விடுவாளா? "செத்த மீனைக் காய வச்சு, காஞ்சதை ஊற வச்சு, ஊறினதை வெளுப்புக்குப் போட்டு... எங்க நெத்திலி நாறுதாக்கும்!"

"மெதுவாப் பேசுடி. இது கெட்டா நீ ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்."

"நான் ஏற மாட்டேன். உங்க துரையை ஏறச் சொல்லுங்க."

வாய்தான் அப்படி. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

காரத்திலிருந்து எடுத்து இரண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தது. வாடை போகட்டும் என்று, நம் வீட்டு மீனுக்குப் போடுகிற மாதிரி, அப்பாசாமி ஒரு கை மஞ்சளை அள்ளித் தொட்டியில் போட்டான். யாரையும் கேட்கவில்லை. மீனைக் கண்டால் மஞ்சள் போடுகிற கை அது.

தொட்டி முழுக்க ரத்தமாகச் சிவந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். பார்த்தார். "என்னடா செஞ்சே என் மீனை?" என்றார். கொல்லை அறையைக் கை காட்டினார். சாமானைக் கட்டு என்று அர்த்தம்.

நான் வெளுத்த துணியோடு உள்ளே நுழைகிறேன், சொர்ணம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாசாமி தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"அட முட்டாளே, ஆரத்தி கரைச்ச மாதிரி இருக்கேடா. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்ன ஆகும்?"

"செவக்கும்."

"அப்ப காரம் இன்னும் போகலை. இதை அவிச்சுக் குடுத்திருந்தா துரை நாக்கு வெந்திருக்கும்."

அவன் எழுந்தான். நேரே வராந்தாவுக்குப் போய்த் துரை முன்னால் நின்றான். "மீன் கெடலை துரை. காரம் கெடக்குதுன்னு மஞ்சள் காட்டிக் குடுத்துச்சு. மஞ்சள் மஞ்சளா நிக்கிறவரைக்கும் தண்ணி மாத்துறேன். அப்பவும் கெட்டிருந்தா நாங்களே போயிடுறோம்" என்றான். துரை பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "ஐஸ் வாங்கிக்கோ. தண்ணி சில்லுனு இருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று நாள் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தண்ணீர் சுமந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சிட்டிகை மஞ்சள். முதலில் சிவப்பு. பிறகு செங்கல் நிறம். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மத்தியானம் கிண்ணத்தில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. மீனிலிருந்த சிவப்பும் போயிருந்தது. ஆனால் மீன் வெள்ளையாகவும் இல்லை. இளமஞ்சள்.

அப்படியே அவித்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றிக் கொண்டுபோனான். துரைசாணி தட்டைத் தள்ளிவைத்தாள். துரை ஒரு வாய் போட்டார். மென்றார். அது மெல்லுகிற பண்டமா என்ன, வழுக்கிக்கொண்டு போவது. வாசலில் நின்ற அப்பாசாமி துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஞ்சளா இருக்கு" என்றார் துரை. "எங்கம்மா பாத்தா உன்னை அடிப்பா."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொன்று. கடைசியில் தட்டை ரொட்டியால் துடைத்தார்.

டிரங்குப் பெட்டியைச் சொர்ணம்மாள் அன்றே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பொங்கலுக்குள் நெத்திலியும் வறுத்துவிட்டாள். துரை கொல்லைக்கு வரவில்லை. தன் அறை ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு டிசம்பரிலும் மீன் வருகிறது. காரத்தை இப்போது அளந்துதான் கலக்குகிறேன். துரையே கிண்ணத்தோடு குசினிக்கு வந்து நிற்கிறார். "அப்பாசாமி, மஞ்சள் போடு, பாப்போம்" என்கிறார்.