கருகிய பாகு

பொரியுருண்டை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பாகை ஊற்றிக் கிளற, இன்னொருத்தி சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். எங்கள் ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு, ஊர்வம்பையும் சேர்த்து உருட்டுவோம். கடல் தாண்டி வந்த இலங்கையில், கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் எனக்கு யார் இருந்தார்கள்? சாலையோரத்தில் ஓர் அறை, வாசலில் ஓயாத மழை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டினார். புசல்லாவைத் தோட்டங்களில் கோப்பி மூட்டைகளை ஏற்றி, எங்கள் வாசலைத் தாண்டிக் கொழும்புக்குப் போவார். போனால் போனதுதான். மழையில் பாதை சரிந்தால் நடுவழியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம், புறப்படும்போது, "கார்த்திகை வெளக்குக்கு வந்துருவேன் புள்ள. நீ பாகை மட்டும் காய்ச்சி வை, நான் உருட்டுறேன்" என்றார். பெரிய வாய்! நானும் நம்பினேன்.

நெல்பொரி கிடைக்கவில்லை. காட்டை எரித்து விதைக்கும் சேனையில் விளைந்த சோளத்தை வாங்கி, சட்டியில் மணலைக் காயவைத்து வறுத்தேன். படபடவென்று வெடித்தது, பாதி சட்டியில், பாதி என் தலையில். அங்கே கச்சான் என்கிற வேர்க்கடலையை வறுத்துத் தோலை ஊதினேன். பக்கத்துச் சிங்களப் பெண் விற்ற கித்துள் மரத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு கெட்டியாக வேண்டும். ஆயிற்று. அந்த நேரம் பார்த்துச் சாலையில் மாட்டு மணிச் சத்தம்.

சட்டியை இறக்காமல் வாசலுக்கு ஓடினேன். வேறு யாருடைய வண்டியோ. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விறகை மட்டும் இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி மணி. மறுபடி ஓட்டம். பாகு எனக்காக நிற்குமா? கறுத்துப் புகைந்துவிட்டது. அழுதுகொண்டே பொரியையும் கச்சானையும் கொட்டிக் கிளறினேன். தனி ஆளாக நாலு உருண்டைகூடப் பிடிக்க முடியவில்லை. மீதி சட்டியோடு ஒட்டிப் பாறையாகிவிட்டது. விளக்கை ஏற்றிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

கார்த்திகை முடிந்து எத்தனையோ நாள் கழித்து மனிதர் வந்து சேர்ந்தார். பாறையை உலக்கையால் உடைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னா புள்ள போட்ட? லேசாக் கசக்குது, ஆனா என்னா ருசி!"

ஆத்திரத்தில் உலக்கையை மூலையில் சாத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கார்த்திகைக்கும் அதே வாக்கு, அதே மணிச்சத்தம், அதே ஓட்டம். பாகு தவறாமல் கருகியது. எத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பிந்தி வந்து உடைத்துத் தின்று மெச்சுவதை அவரும் விடவில்லை.

பிறகு கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பி அதில் போனது. வண்டிகளின் கொழும்புப் பயணம் நின்றது. அந்தக் கார்த்திகைக்கு அவர் காலையிலிருந்தே அடுப்படியில் உட்கார்ந்திருந்தார், கையெல்லாம் மாவு. பாகைப் பதத்தில் இறக்கினேன். நான் கிளற, அவர் உருட்ட, தட்டு நிறைந்துவிட்டது.

ஒன்றைக் கடித்தார். முகம் சுருங்கியது.

"பழைய ருசி இல்லையே புள்ள. அதுல என்னமோ போடுவியே?"

"ஒன்னும் போடலங்க," என்றேன். "நீங்க வர்றீங்களான்னு வாசலுக்கு ஓடுவேன். அதுக்குள்ள கருகிரும். அதான் அந்தக் கசப்பு."

மாவுக் கையோடு எழுந்தவர் வாசலுக்குப் போய், நான் பார்த்திருந்த சாலையைப் பார்த்தார்.