ரிலென்ட்லெஸ்: ஒரு சொல்லும் ஒரு கீரமங்கலத்துக்காரியும்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்த வாய் கிடையாது. மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் நின்றிருக்கிறீர்களா? அதே அவஸ்தைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் புதுக்கோட்டையில், ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கும் நோயாளிகளுக்கும் நடுவே பேசுவது என் உத்தியோகம்.

இருமல்

கீரமங்கலத்திலிருந்து வள்ளியம்மை தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கக்குவான் இருமல். இருமி முடிப்பதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

"ரிலென்ட்லெஸ்" என்றார் டாக்டரம்மா. கல்லூரியில் அந்தச் சொல்லைப் புயலுக்கும் விதிக்கும்தான் படித்திருந்தேன். அதன் ஓசையிலேயே மூச்சு விட இடமில்லை. "இரக்கமே இல்லாத இருமல்னு சொல்றாங்க" என்றேன்.

"இருமலுக்கு எதுக்கும்மா இரக்கம்? புள்ளை பொழைக்குமான்னு கேளுங்க."

ஜன்னல்

டாக்டரம்மா குழந்தையைத் தொற்று வார்டில் சேர்த்தார். அங்கே தாய்மாருக்கு இடம் இல்லை. ஆயா வெளியே போகச் சொன்னால், "இந்தா வாரேன்" என்று போவாள் வள்ளியம்மை. கிணற்றடி வழியாக ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

"இங்கிட்டு வெரட்டுனா அங்கிட்டு நிக்கிறா. பேசாம இவளுக்கும் ஒரு கட்டிலப் போடச் சொல்லுங்கம்மா!" என்றாள் ஆயா.

அந்த வாரம் இரண்டு கட்டில்கள் காலியாகின. குழந்தைகள் குணமாகிப் போனதால் அல்ல. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவளைப் பார்த்து டாக்டரம்மா அதே சொல்லைச் சொன்னார். இப்போது அதில் இருந்தது எரிச்சலா, மரியாதையா? ஒரே சொல் நோய்க்கும் தாய்க்கும் எப்படிப் பொருந்துகிறது? யோசித்து, "விடாப்பிடிக்காரின்னு சொல்றாங்க" என்றேன்.

"நானும் விட்டுட்டா அதுக்கு வேற யாரும்மா இருக்கா?"

வாசல்

இருமல் தணிந்தது. குழந்தை கஞ்சி கேட்டு அழுதது. வீட்டுக்குப் போகும் நாளன்று டாக்டரம்மா வாசல்வரை வந்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சந்தோஷமாகச் சொன்னார்: "போயிட்டு வாங்க!"

வள்ளியம்மையின் முகம் மாறியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, பதில் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். டாக்டரம்மா வாடிப்போனார். நான் பின்னாலேயே ஓடி, "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றேன்.

"தெனம் வாரேன் வாரேன்னு சொன்னவதாம்மா நான். ஆசுபத்திரிய விட்டுப் போறப்ப அதைச் சொல்லலாமா? கும்புட்டேன்னு மட்டும் தொரைசாணிகிட்டச் சொல்லிப்புடுங்க."

அதை உடனே மொழிபெயர்த்துவிட்டேன்; அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்குத்தான் இத்தனை வயதாகியும் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறேன், விடாமல்.